மினுக்கின் சைக்கிளுக்குச் சரியான விலை

09.04.1986 — 2,460
22.08.1993 — 310
15.06.1999 — 745
03.03.2008 — 1,180
12.01.2017 — 6,000
19.01.2017 — 14,000
29.01.2017 — 25,000
11.02.2017 — 4,500
05.03.2017 — 7,100

மேலே உள்ள ஒன்பது வரிகளும் ஒரே சைக்கிளைப் பற்றியவை. முதல் வரி அதை வாங்கிய விலை. அடுத்த மூன்றும் அதற்குச் செய்த பெரிய செலவுகள்: பின்சக்கரத்து ரிம், பிறகு செயினும் பல்சக்கரங்களும், பிறகு இரண்டு சக்கரங்களுக்கும் கம்பிகள். பஞ்சர், எண்ணெய், பிரேக் கட்டை போன்ற சில்லறைச் செலவுகளை இங்கே சேர்க்கவில்லை. கடைசி ஐந்தும், ஐம்பத்திரண்டு நாள் இடைவெளியில் அதே சைக்கிளுக்குக் கிடைத்த விலைகள். அவற்றில் ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. நானே கூட்டி எடுத்தேன்.

சைக்கிள் என் மனைவியின் தம்பிக்குச் சொந்தமானது. வீட்டில் எல்லோரும் அவனை மினுக்கு என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தவள் அவனுடைய அக்காதான். கையில் எது கிடைத்தாலும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் கீழே வைப்பான். குழாய், கதவுத் தாழ்ப்பாள், சாவிக்கொத்து, என் பேனா மூடி, எதையும் விட்டுவைத்ததில்லை. நாளடைவில் அவன் வேலை செய்த இடத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வேலை, மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னாலிருந்த பட்டறையில் கண்ணாடி வில்லை தேய்ப்பது. பத்தொன்பது வயதில் சேர்ந்தான். ஜன்னல் இல்லாத நீளமான அறை. சுவரோரம் வில்லை தேய்க்கும் ஐந்து கிண்ணங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். முதலில் சொரசொரப்பான எமரித் தூள், அடுத்து அதைவிட நைஸானது, அதற்கடுத்து இன்னும் நைஸானது, கடைசியில் சிவப்புப் பொடி. அந்தச் சிவப்பு அவனுடைய நகக்கண்ணில் ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் தங்கிவிட்டது. தேய்த்த வில்லையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்ப்பான். மேலே விழும் வெளிச்சக் கோடு எங்கேயாவது துளி நெளிந்தால், அங்கே குழி இருக்கிறது என்று அர்த்தம். குழி இருந்தால் மறுபடி முதல் தூளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். “குழின்னு ஒண்ணு இருந்தா ஒரே வேலைதான் அத்தான். போற வரைக்கும் தேய்க்கிறது” என்பான். பின்னால் நடந்ததற்கு இந்த வாக்கியமே காரணம் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முப்பது வயதில் அவனுக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. பெண்ணின் அப்பா பேச்சுவாக்கில் தன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இவன் அதை எடுத்து, சட்டைப்பையிலிருந்த மெல்லிய துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். “அதுவரைக்கும் மனுஷனுக்கு இவன் மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கான். போட்டுட்டு ஒரு தடவை பார்த்தாரு, எழுந்து போயிட்டாரு” என்று என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். மினுக்கும் சேர்ந்து சிரிப்பான். வேறு பேச்சு வரவில்லை, அவனும் தேடவில்லை. 1994 முதல் எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறான்.

சைக்கிளை வாங்கிய கதைக்கு வருகிறேன். பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. அதன் கூரையிலிருந்து ஒரு ரேஸ் சைக்கிளைக் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மெல்லிய சக்கரம், ஆட்டுக்கொம்புபோல் கீழே வளைந்த கைப்பிடி, பத்து கியர். அதைப் பார்த்து நாலு பேர் உள்ளே வருவார்கள், வேறு சைக்கிள் வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு வருடமாக அது அங்கேயே தொங்கியது. மூன்று மாதம் தினமும் அண்ணாந்து பார்த்த பிறகு மினுக்கு என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உள்ளே போனான்.

“அதை இறக்கிக் குடுங்க” என்றான்.

“அது அழகுக்கு வச்சது தம்பி” என்றார் கடைக்காரர்.

“தொங்குறதுக்கு எதுக்குங்க சக்கரம்?”

கடைக்காரர் விலையைத்தான் சொன்னார். மினுக்கின் நாலு மாதச் சம்பளம் அது. வாங்கிவிட்டான். பில்லில் சைக்கிளின் எண்ணை எழுதக் கடைக்காரர் மறந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்க்கச் சொல்லி, பெடல்கள் சேருமிடத்தின் அடியில் குத்தியிருந்த எண்ணை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: பி 40817. முன்சக்கரத்து அச்சில் கிலோமீட்டர் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் அன்றே பொருத்தினோம். ஐந்து எண்கள் காட்டும். எல்லாம் பூஜ்யமாக இருந்தது.

அன்றிலிருந்து பட்டறைக்குப் போவது அதில்தான்; எங்கள் மாடிக்கு வந்தபின் போக 4.6 கிலோமீட்டர், வர 4.6. சாப்பாட்டு டப்பாவை சீட்டுக்கு அடியில் பழைய டியூப் துண்டால் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, சட்டை பின்னால் பறக்கப் போவான். “குனிஞ்சுக்கிட்டே போறியே, எதையாவது தொலைச்சுட்டியா?” என்று தெருவில் கேட்பார்கள். “வேகத்தைத் தேடறேன்” என்பான். வீட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் நடைபாதையில் ஒரு பழைய கம்பளியை விரித்து, அதன்மேல்தான் நிறுத்துவான். அவன் போர்த்திக்கொண்டிருந்த கம்பளி அது. சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் போர்வைக்கு மாறினான்.

11.10.2016 அன்று திருப்பத்தில் விழுந்தான். 30.11.2016 அன்று திருப்பமே இல்லாத இடத்தில் விழுந்தான். டாக்டர், காதுக்குள் மட்டம் பார்க்கும் நீர் ஒன்று இருக்கிறது, அதில் கோளாறு, இனி இரண்டு சக்கரத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். நான் முப்பத்தெட்டு வருடம் ஏரியின் நீர்மட்டத்தைக் குறித்துவைக்கும் உத்தியோகத்தில் இருந்தவன். “உன் நீர்மட்டம் சரியில்லையாம் மாப்பிள்ளை” என்றேன். “ஷட்டரைத் திறந்து விட்டுடுங்க அத்தான்” என்றான். இருவரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவன் சைக்கிளின் பக்கம் போகவில்லை. நாலு நாள் அதை விலகிச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

ஐந்தாம் நாள் என்னிடம் வந்து, விற்க வேண்டும் என்றான்.

“கிடந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்குது?” என்றாள் என் மனைவி.

“நிறுத்தி வச்சா டயர் வெடிக்கும், எண்ணெய் இறுகிடும் அக்கா. ரெண்டு வருஷத்துல செத்துடும்.” பிறகு என்னைப் பார்த்து, “ஓடணும் அத்தான். ஓட்டறவங்க கைக்குத்தான் போகணும். தொங்கவும் கூடாது, பிரியவும் கூடாது. அதுக்கு என்ன விலைன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்றான்.

அவன் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதற்கு முன் ஒருமுறைதான். அந்த ஒருமுறையும் இதே சைக்கிள்தான்.

12.01.2017 அன்று பழைய சைக்கிள் வாங்கி விற்கும் கடைக்கு இருவரும் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் டயரை அழுத்தினார், பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார், கியரைத் தட்டினார். “நல்லா வச்சிருக்கீங்க. முழுசா ஆறாயிரம் தரேன்” என்றார். வாங்கிய விலையைப்போல் இரண்டரை மடங்கு என்பதால் நான் தலையாட்டப் போனேன். மினுக்கு கேட்டான்: “வாங்கி என்ன செய்வீங்க?”

“பிரிப்போம். இந்த மாதிரி சாமான் இப்ப வர்றதில்லை. தனித்தனியா நல்லா போகும்.”

மினுக்கு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டான்.

ஒரு வாரம் கழித்து நான் மட்டும் போனேன். கடையின் உள்சுவரில் பழைய உதிரிபாகங்களின் விலையைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். பெடல் செட் 2,400, சக்கரம் ஜோடி 3,200, பிரேக் 1,100, கியர் 2,300, கைப்பிடி 900, சீட் 700, பிரேம் 3,400.

“என்ன சார், வரி ஆபீஸா?” என்றார் கடைக்காரர்.

“இல்லை. அந்த ரேஸ் சைக்கிளோட அத்தான்.”

“சைக்கிளுக்கே அத்தானா?” என்று சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். மறைக்கிற மனிதரில்லை. கூட்டினால் 14,000 வருகிறதே என்று கேட்டதும் அவரே கணக்கைச் சொன்னார். பிரிக்க ஒரு நாள் கூலி, பாதி சாமான் வருடக்கணக்கில் விற்காது, சிலது பிரிக்கும்போதே உடையும். “ஒன்பதுக்கு மேலே குடுத்தா எனக்கில்லை, பிரிச்சு விக்கிற எவனுக்கும் கட்டாது சார்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போயிருந்தேன் என்பது அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஓட்டுவேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டு வாங்கிப் போகலாம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒன்பதாயிரத்துக்கு மேல் விலை வைத்தால், பிரிக்கிறவன் தானாகவே விலகிவிடுவான். இன்னொரு பக்கம், கியர் வைத்த புதுச் சைக்கிள் அப்போது 19,000. பழையதற்கு அதில் பாதிக்கு மேல் ஓட்டுகிறவர் தரமாட்டார். ஆகவே 9,000-க்கும் 9,500-க்கும் நடுவே. நான் 9,250 என்று முடிவு செய்து, இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினேன்.

என் மனைவி கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: “நீங்க ரெண்டு பேரும் சைக்கிளை விக்கிறீங்களா, பொண்ணைக் கட்டிக் குடுக்குறீங்களா?”

“ரெண்டாவதுதான் அக்கா” என்றான் மினுக்கு.

வாங்க வருகிறவர் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று அவன் தேய்க்க ஆரம்பித்தான். மேல்பக்கம் முடிந்து, பக்கவாட்டு முடிந்து, 22.01.2017 ஞாயிறன்று சைக்கிளைக் கம்பளிமேல் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்துக்கு வந்தான். முப்பது வருடத்து எண்ணெயும் மண்ணும் அங்கே கல்லாக இறுகியிருந்தது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன் மாலை நாலு மணிக்குத்தான் எழுந்தான். அடிப்பக்கம் முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. மறுநாள், கண்ணாடிக் கடையின் கதவில் 9,250 என்று எழுதி ஒரு அட்டை ஒட்டினான்.

அட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு, 29.01.2017 அன்று, ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். மெதுவாகப் பேசுகிற நல்ல மனிதர். சைக்கிளைத் தொடவே தயங்கினார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதோட மதிப்பு உங்களுக்குத் தெரியலை. ஒன்பதுக்கு வாங்கிட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது. இருபத்தஞ்சு தரேன்.”

“எங்கே ஓட்டுவீங்க?” என்றான் மினுக்கு.

“ஓட்டறதா? என் கிளினிக்ல நோயாளிங்க உட்கார்ற இடத்துல, சுவத்துல மாட்டப் போறேன். லைட்டெல்லாம் போட்டு.”

என் கணக்கில் ஓட்டை இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே சுவர் கட்டிய நான், மேலே கூரை போடவில்லை. பிரிக்கிறவனை விலை தடுக்கும். மாட்டுகிறவரை எந்த விலையும் தடுக்காது.

மினுக்கு முடியாது என்று சொல்லியிருப்பான். ஆனால் அக்கா பக்கத்தில் நின்றாள். “இருபத்தஞ்சாயிரம்டா. ஒரு நல்ல கட்டில் வாங்கலாம். தலை சுத்தி விழறவன் இன்னும் அந்த ஓட்டைக் கட்டில்ல படுத்துக்கிட்டிருக்கே. சுவத்துல பத்திரமா இருக்கும், நாலு பேரு பார்ப்பாங்க. வேறென்ன வேணும் அதுக்கு?” அவள் சொன்னதும் நியாயம்தான். அக்காவிடம் மறுத்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. சரி என்றான். பல் டாக்டர், பிரேமின் எண்ணை வைத்து அது எந்த வருடம் செய்தது என்று பார்க்கும் புத்தகம் ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், அடுத்த ஞாயிறு அதோடும் பணத்தோடும் வருவதாகவும் சொல்லிப் போனார்.

அந்த ஒரு வாரம் மினுக்கு வீட்டில் எதையும் தேய்க்கவில்லை. குழாயில் உப்புப் படிந்தது.

05.02.2017 காலை பல் டாக்டர் புத்தகம், பூதக்கண்ணாடி, பண உறையுடன் வந்தார். சைக்கிளைக் கவிழ்த்தோம். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எண் எங்கே?”

நான் குனிந்தேன். எண் இருந்த இடத்தில் என் மூக்கு தெரிந்தது.

“மாப்பிள்ளை, இங்கே ஒரு எண் இருந்துச்சே.”

“எண்ணா?” என்றான் மினுக்கு. “அங்கே வரிசையா குழிதானே இருந்துச்சு. துருக்குழின்னு நினைச்சேன்.”

“அதை என்ன செஞ்சே?”

“போற வரைக்கும் தேய்ச்சேன்.”

எமரித் தூள் மூன்று ரகமும், கடைசியில் சிவப்புப் பொடியும். பட்டறையில் ஒரு வில்லைக்கு எப்படியோ அப்படி. பல் டாக்டர் புத்தகத்தை மூடினார். பிறகு வருத்தத்தோடு, எண் இல்லாவிட்டால் சேகரிப்பவர்கள் யாரும் தொடமாட்டார்கள், இது எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வழியில்லை என்றார். போகும்போது அந்த அடிப்பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்து, “வேலை என்னமோ பிரமாதம்” என்றார்.

கதவு சாத்தியதும் என் மனைவி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். “வேணும்னே பண்ணியிருக்கே. அவருக்குக் குடுக்க மனசில்லைன்னா வாயைத் திறந்து சொல்றது. இப்படியா?”

“இல்லைக்கா.”

“என்ன இல்லைக்கா? சின்ன வயசிலேர்ந்து இதே. பேச மாட்டான், செஞ்சுடுவான்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பணம் போனதற்காக அல்ல. அக்கா தன்னைப் பொய்யன் என்று நினைத்துவிட்டாளே என்றுதான். நான் என் நாட்குறிப்பை எடுத்து வந்து வாசித்தேன். 22.01.2017, ஞாயிறு: மினுக்கு காலை 10 முதல் மாலை 4 வரை சைக்கிளின் அடிப்பக்கம் தேய்த்தான். எமரித் தூள் இரண்டு டப்பா காலி. 23.01.2017, திங்கள்: கடைக் கதவில் அட்டை. 29.01.2017, ஞாயிறு: பல் டாக்டர் முதல்முறை வருகை.

“அவர் வர்றதுக்கு ஏழு நாள் முன்னாடியே எண் போயாச்சு. அட்டையே அப்ப ஒட்டலை” என்றேன்.

அவள் நாட்குறிப்பை வாங்கி மூன்று பக்கத்தையும் தானே படித்தாள். பிறகு தம்பியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “குழியாம் குழி. எண்ணுக்கும் குழிக்கும் வித்தியாசம் தெரியாத நீ எல்லாம் ஊருக்குக் கண்ணாடி தேய்க்கிறே” என்றாள். அவன் சிரித்த பிறகுதான் அவளும் சிரித்தாள்.

11.02.2017 அன்று நான் மறுபடி பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு, எண் இல்லாத பிரேமை யாருக்கும் விற்க முடியாது, அது பழைய இரும்புக் கணக்குத்தான் என்றார். “இப்ப நாலாயிரத்து ஐந்நூறு தரலாம். ஏழுக்கு மேலே எவனுக்கும் கட்டாது.”

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் கணக்கை மறுபடி போட்டேன். மாட்டுகிறவர் இனி வரமாட்டார். நான் போட மறந்த கூரையை மினுக்கு எமரித் தூளால் போட்டுவிட்டான். பிரிக்கிறவன் ஏழாயிரத்தோடு நின்றுவிடுவான். ஓட்டுகிறவர் 9,500 வரை தரலாம். முன்பு ஐந்நூறு அகலமே இருந்த வாசல் இப்போது இரண்டாயிரத்து ஐந்நூறாகியிருந்தது. சைக்கிளின் மதிப்பு குறைந்ததும், அவன் கேட்டது கிடைக்க வழி பெருகிவிட்டது. நடுவிலே 8,250 என்று அட்டையைத் திருத்தச் சொன்னேன். கீழே, எண் தேய்ந்துவிட்டது என்றும் எழுதச் சொன்னேன்.

அந்த வரியைப் படித்துவிட்டு மூன்று பேர் திரும்பிப் போனதாகக் கண்ணாடிக் கடையில் சொன்னார்கள். நாலாவதாக, 05.03.2017 அன்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும், மினுக்கைவிட ஒரு விரற்கடை உயரம். வீடு வீடாகவும் தையல் கடை கடையாகவும் போய்த் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். கிட்டப் பார்க்கக் கண்ணாடி வாங்க வந்த இடத்தில் அட்டையைப் பார்த்திருக்கிறார். அந்தக் கண்ணாடியைத் தேய்த்தவனும் மினுக்குதான்.

அவர் சைக்கிளை நின்று பார்க்கவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதன் நுனியைப் பெடல் அச்சின்மேல் வைத்து, மரக் கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் பெடலைச் சுற்றினார்.

“உள்ளே ஒரு பேரிங் குண்டு தேஞ்சிருக்கு அண்ணே. ஒண்ணே ஒண்ணு.”

“இடது பக்கம்” என்றான் மினுக்கு. “நாலு மாசமா. எனக்குக் கால்ல தெரியும்.”

“மத்ததெல்லாம் பட்டு மாதிரி இருக்கு.” பிறகு சைக்கிளைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவினார். “இதைத்தான் எழுதியிருந்தீங்களா? திருட்டுச் சைக்கிளா?”

மினுக்கு குழிக் கதையைச் சொன்னான். அந்தப் பெண் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தானும் முதன்முதலாகப் பழுது பார்த்த மெஷினில், ஊசித் தட்டில் தையல் அளவு பார்க்கப் போட்டிருந்த கோடுகளைக் கீறல் என்று நினைத்து அரம் வைத்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். “அந்தத் தையல்காரர் இன்னும் என்னைப் பார்த்தா வழியை மாத்திக்கிட்டுப் போவார்.”

ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டருக்குக் குறையாமல் சுற்றுவதாகவும், கனமான சைக்கிளில் முட்டி போய்விடுகிறது என்றும் சொன்னார். பிறகு விலைக்கு வந்தார். “ஆறாயிரத்து ஐந்நூறு தரேன்.”

மினுக்கு வாயைத் திறந்தான். அவன் சும்மாவே கொடுத்துவிடுவான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. நான் அவன் காலை மிதித்தேன்.

“ஏழுக்குக் கீழே வராதும்மா” என்றேன். ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். பலகை விலை, பிரிக்கிறவனின் எல்லை, சுவர், கூரை எல்லாம். அவர் பாதியில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டார்.

“ஐயா, விலையைக் குறைக்க முடியாதுன்னு எத்தனையோ பேரு என்கிட்ட சொல்லியிருக்காங்க. இப்படி ஒரு காரணம் கேட்டதில்லை.” ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார். “அப்ப ஏழாயிரத்து நூறு. நான் பிரிக்கிறவ இல்லைங்கறதுக்கு அந்த நூறு.”

“முடிச்சுக்கோடா” என்றாள் என் மனைவி, உள்ளே இருந்து.

அவர் ஒரு நிபந்தனை சொன்னார். வழியில் யாராவது பிடித்துக் கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும். பழைய பில்லோடு நான் ஒரு பத்திரம் எழுதினேன்: பி 40817 என்ற எண் 22.01.2017 அன்று, எந்தத் தீய நோக்கமும் இன்றி, குழி எனக் கருதி உரிமையாளரால் அகற்றப்பட்டது. மூவரும் கையெழுத்திட்டோம்.

அதற்குப் பதிலாக மினுக்கு ஒன்று கேட்டான். கேட்பதற்குள் காதெல்லாம் சிவந்துவிட்டது. “மீட்டர்ல என்ன ஓடியிருக்குன்னு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வரி எழுதிப் போட முடியுமா?”

“வருஷமெல்லாம் எனக்கு நினைவிருக்காது அண்ணே. ஐயாயிரத்துக்கு ஒண்ணு எழுதறேன்.”

அன்று மீட்டரில் 71,830 இருந்தது. அவர் ஏறி, வளைந்த கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து, தெருமுனை திரும்பும் வரை மினுக்கு வாசலில் நின்றான். திருப்பத்தில் அவர் சரியாகச் சாய்ந்து திரும்பினார். “தெரிஞ்சவங்கதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து குழாயைத் தேய்க்க ஆரம்பித்தான். அக்கா, அந்த ஏழாயிரத்து நூறில் கட்டிலும் வாங்க வைத்தாள்.

கடிதங்கள் சொன்னபடி வந்தன. 75,000-க்கு ஒன்று, 80,000-க்கு ஒன்று. முதலாவதில், இடது பக்கத்துக் குண்டை மாற்றிவிட்டதாக எழுதியிருந்தார். மூன்றாவதில், மழையில் விழுந்ததாகவும், சைக்கிளுக்கு ஒன்றுமில்லை, தனக்கு இரண்டு தையல் என்றும். மினுக்கு அதை வாசித்துவிட்டு முதலில் சைக்கிளுக்கும் பிறகு அவருக்கும் கவலைப்பட்டான். வரிசை தப்பென்று அக்காவிடம் திட்டு வாங்கினான். 90,000 வந்தது, 95,000 வந்தது. ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் நடைபாதைக்குப் போய், மடித்து வைத்திருந்த கம்பளியை உதறி, மறுபடி மடித்து வைப்பான். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

ஆறாவது கடிதம் இப்படி இருந்தது:

“அண்ணே, ஐயா, அக்கா மூவருக்கும். நேற்று தையல் கடைத் தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது மீட்டரைப் பார்த்தேன். ஐந்து ஒன்பது. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே பார்த்தேன். ஐந்தும் ஒன்றாகத் திரும்பிப் பூஜ்யமாயின. அங்கிருந்த தையல் கடைக்காரர் ஒருவர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தேட வந்தார். நீங்கள் கடைப்படியில் இறக்கி வைத்த அன்று இருந்த மாதிரியே இப்போது இருக்கிறது. நான் பிரிக்கவுமில்லை, மாட்டவுமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை. ஆகவே இதுவே என் கடைசிக் கடிதம். இனிமேல் ஓடுவது என் கணக்கு. நாளை காலை பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒரு மெஷின் இருக்கிறது.”

“1999-இல் மீட்டர் இரண்டு மாதம் ஓடவில்லை. அந்த 420-ஐச் சேர்த்தால் ஒரு லட்சம் எப்போதோ ஆகியிருக்கும்” என்றேன்.

“விடுங்க அத்தான். மீட்டர் என்ன சொல்லுதோ அதுதான்” என்றான் மினுக்கு. கடிதத்தைத் தானே மறுபடி ஒருமுறை வாசித்தான். பிறகு நடைபாதைக்குப் போய்க் கம்பளியை எடுத்து, இந்தத் தடவை மடித்து வைக்காமல், மாடிக்குக் கொண்டுபோய்த் தன் கட்டிலில் விரித்துவிட்டு வந்தான்.

இறங்கி வந்தவன் என் மேசைப் பக்கம் நின்று கேட்டான்: “தேதி எழுதிட்டீங்களா அத்தான்?”

எழுதியிருந்தேன். 18.08.2022.